பதினேழு வினாடி

எங்கள் வீட்டில் மறதிக்குப் பேர்போனவன் நான்தான். குடையைப் பேருந்தில் விட்டுவிட்டு வருவேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுவேன். அக்கா என்னை ‘ஞாபகசாலி’ என்று கிண்டலாகக் கூப்பிடுவாள். அவளுக்கு நேர்மாறான தலை. எட்டாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் வீட்டுத் தொலைபேசி எண்ணை இன்றைக்கும் சொல்லுவாள். சொல்லுவாள் என்றா எழுதினேன்? சொல்லிக்கொண்டிருந்தாள் என்று திருத்திக்கொள்கிறேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். பயப்பட வேண்டாம், பாடம் நடத்த மாட்டேன். கணினியில் ஓடும் எல்லா நிரல்களுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று ஓடுகிறது. நீங்கள் எதையாவது எழுதிச் சேமிக்கும்போது, அது உடனே டிஸ்குக்குப் போய்விடுவதாக நினைத்துக்கொள்கிறீர்கள். போவதில்லை. டிஸ்க் மெதுவானது. அதனால் கெர்னல் அதை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் சேர்ந்த பிறகு மொத்தமாக எழுதும். சாப்பிட்ட தட்டுகளைத் தொட்டியில் போட்டுவைத்து ஒன்றாகக் கழுவுகிறோமே, அதே கதைதான். இன்னும் டிஸ்குக்குப் போகாத நினைவகத் துண்டுக்கு எங்கள் தொழிலில் அழுக்குப் பக்கம் என்றே பெயர். முப்பது வினாடிக்கு மேல் எதையும் அழுக்காக வைத்திருப்பதில்லை என்பது பொதுவான வழக்கம். அதற்குள் மின்சாரம் போய்விட்டால், போனது போனதுதான்.

காத்திருக்க முடியாத விஷயங்களுக்கு வேறு வழி உண்டு. ஒரு நிரல் கெர்னலிடம், ‘இதை இப்போதே டிஸ்கில் எழுது, முடித்துவிட்டுச் சொல், அதுவரை நான் நகர மாட்டேன்’ என்று கேட்கலாம். கெர்னல் ‘எழுதியாயிற்று’ என்று பதில் சொன்னால் அது சத்தியம். விமானமானாலும் மருத்துவமனையானாலும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஓடுகிறது.

அப்படி எழுதும் பகுதியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை ஒரு டிஸ்குக்கு ஒரே ஒரு எழுத்தாள்தான் இருந்தான். ஆள் என்றால் மனிதன் இல்லை, கெர்னலுக்குள் ஓடும் ஒரு வேலைத் துண்டு. நான் அவனை நான்கு பேராக்கினேன். யோசனை நல்ல யோசனை, அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கோப்பின் பக்கங்கள் நான்கு பேரிடமும் பிரிந்து கிடக்கும். ‘எழுதியாயிற்று’ என்று சொல்வதற்கு முன் நான்கு பேரும் முடித்தார்களா என்று பார்க்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் லாபமெல்லாம் கரைந்துவிட்டது. எட்டு மாதம் உழைத்தும் வேகத்தைக் காட்டும் வரைபடத்தில் கோடு பழைய இடத்திலேயே படுத்துக் கிடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, நேரம் எங்கே வீணாகிறது என்று பார்ப்பதற்காக ஒரு வரி சேர்த்தேன். முதல் ஆள் முடித்துவிட்டால் போதும், மற்ற மூவருக்காகக் காத்திருக்காமல் பதில் சொல்லிவிடு என்று. வெறும் சோதனைதான். கோடு ஜிவ்வென்று மேலே போனது. அந்த நேரம் பார்த்து மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“அட, என்ன இது, இவ்வளவு ஏறியிருக்கு?”

இது சோதனைக்காகப் போட்டது என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் சொன்னது, “நாலு பேராப் பிரிச்சோம்ல சார், அதான்.” அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். யாரோ என் முதுகில் தட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அன்று மாலை அந்த வரியை எடுத்துவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் எடுக்கலாம் என்று வைத்தேன். அப்புறம் அது தானாகவே நிரந்தரமாகிவிட்டது.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் உண்டு. யார் எழுதியதைச் சரிபார்த்தாலும் குறிப்பை ‘ஒரு சந்தேகம்’ என்றுதான் தொடங்குவார். அதனால் அவருக்குச் சந்தேகம் என்றே பெயர் வைத்துவிட்டோம். அவர் கண்ணுக்கு அது தப்பவில்லை. என் மேசைக்கே வந்துவிட்டார்.

“ஒரு சந்தேகம். மத்த மூணு பேரும் முடிச்சாங்களான்னு யாரு பாக்குறது?”

“அடுத்த பதிப்புல சேத்துடுவேன் சார். அதிகபட்சம் முப்பது வினாடிதானே, எப்படியும் டிஸ்குக்குப் போயிடும்.”

“அந்த முப்பது வினாடிக்குள்ள கரண்ட் போச்சுன்னா?”

“பெரிய இடங்கள்ல பேட்டரி வெச்சிருப்பாங்க சார்.”

அவர் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். அந்த வாரம் அவருடைய மகளுக்குக் கல்யாணம். அழைப்பிதழை என் மேசையில் வைத்துவிட்டு, “அடுத்த பதிப்புல மறந்துடாதீங்க” என்று போய்விட்டார். நான் மறதிக்காரன் என்பது அங்கேயும் பிரசித்தம்.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் இதய நோய் வார்டின் தலைமைச் செவிலி. அவளுடைய மருத்துவமனை எங்கள் நிறுவனத்தின் இயந்திரங்களை வாங்கியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. “உள்ள ஓடுறது என் தம்பி எழுதினது” என்று துப்புரவு செய்யும் அம்மாவிடம்கூடச் சொல்லிவைத்தாள். நோயாளியின் காலடியில் தொங்கிய காகித அட்டைகளை எடுத்துவிட்டார்கள். மருந்து கொடுத்ததும் கையில் உள்ள திரையைத் தொட வேண்டும். தாழ்வாரக் கோடியில் அலமாரிக்குள் இருக்கும் இயந்திரம் அதை எழுதிக்கொண்டு பதில் அனுப்பும். திரையில் பச்சை டிக் வரும். வேலை நேரம் மாறும்போது வாய்வார்த்தையாக எதையும் ஒப்படைக்கக் கூடாது, திரையில் இருப்பதுதான் உண்மை என்று விதி போட்டார்கள். முன்பு வாய்வார்த்தையால் ஒன்றிரண்டு தவறுகள் நடந்திருந்தன. நல்ல விதிதான். எழுதியாயிற்று என்றால் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தேவை.

அன்றைக்கு அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் பேட்டரிகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மதியம் இரண்டரை மணிக்கு மேல் ஒரு நிமிடம் மின்சாரம் நிற்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். இரண்டு ஏழுக்கே நின்றுவிட்டது.

அக்கா அப்போதுதான் பதினோராம் படுக்கைக்காரருக்கு ஊசி போட்டிருந்தாள். அவர் ஒரு பேருந்து ஓட்டுநர். படுத்திருக்கும்போதும் வலது கால் பிரேக்கைத் தேடும் என்று சொல்லிச் சிரிக்க வைப்பாராம். தறிகெட்டு ஓடும் இதயத்தை அடக்குகிற மருந்து அது. போட்டாள், திரையைத் தொட்டாள், பச்சை டிக் வந்தது, கை கழுவப் போனாள். விளக்கு அணைந்தது. நான்காம் படுக்கையின் சுவாசக் கருவி கத்தத் தொடங்கியது. வேலை நேரம் முடிந்திருந்தும் அவள் அங்கே ஓடினாள். இருபது நிமிடம் அங்கேயே இருந்துவிட்டாள்.

நான்கு நிமிடத்தில் இயந்திரம் திரும்ப வந்தது. அடுத்த நேரத்துச் செவிலி திரையைத் திறந்தாள். பதினோராம் படுக்கை, இரண்டு மணி ஊசி, கொடுக்கப்படவில்லை. ஏற்கெனவே தாமதம் என்று பதறிக்கொண்டு போனாள். ஓட்டுநர் அவளிடம், “இப்பதானேம்மா ஒண்ணு போட்டாங்க” என்றாராம். அவள் திரையை இன்னொரு முறை பார்த்தாள். “இல்லைங்கய்யா, அது காலைல போட்டது” என்று சொல்லிவிட்டுப் போட்டாள்.

மூன்று மணிக்குள் அவர் இதயம் நின்றுவிட்டது. மறுநாள் அவரை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள்.

விசாரணைக்கு இயந்திரத்தைத் தெரிந்த ஒருவரை அனுப்பச் சொல்லி மருத்துவமனை கேட்டது. எங்கள் நிறுவனம் என்னை அனுப்பியது. நான் ஒளித்து மறைக்கவில்லை. சம்பந்தப்பட்ட செவிலி என் கூடப்பிறந்தவள் என்று குழுவின் முன்னால் முதலிலேயே சொன்னேன். நிர்வாகி அம்மா யோசித்துவிட்டு, “பரவாயில்லை. நீங்க யாருக்காவது சாதகமா எழுதினா உங்க அக்காவுக்குத்தான் எழுதுவீங்க. அதை நாங்க கவனிச்சுக்கிறோம்” என்றார்.

அலமாரி இயந்திரத்தில் அந்த ஊசிக்கான பதிவு இல்லை. தேடிப் பார்க்க வேண்டிய இன்னொரு இடம் எனக்கு மட்டும் தெரியும். அக்கா கையில் வைத்திருந்த திரை, தனக்கு வந்த பதில்களைக் கொஞ்ச நேரம் தனக்குள் வைத்திருக்கும். திறந்து பார்த்தேன். பதினோராம் படுக்கை, எழுதியாயிற்று. நேரம் இரண்டு மணி ஆறு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி. மின்சாரம் நின்றது இரண்டு ஏழு ஐந்துக்கு. நடுவில் பதினேழு வினாடி. முதல் ஆள் தன் பங்கை எழுதிவிட்டு ‘எழுதியாயிற்று’ என்று சொல்லியிருக்கிறான். அக்கா தொட்டது மூன்றாம் ஆளின் வரிசையில் அழுக்காகவே கிடந்திருக்கிறது. இன்னொரு பதின்மூன்று வினாடி கிடைத்திருந்தால் அந்த மனிதர் இன்றைக்கும் பேருந்து ஓட்டிக்கொண்டிருப்பார்.

அந்தச் சின்ன அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஓயாமல் சத்தமிடும் ஒரு மின்விசிறி. நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். பிறகு, பரிசோதித்து முடித்த கருவியைப் புதிது போலத் துடைத்துத் திருப்பித் தருவது வழக்கம் என்பதால், அந்தத் திரையைத் துடைத்தேன். நினைவகம் முழுதும். அது வழக்கம்தான், நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பார்க்கலாம்.

அறிக்கை எழுதுவதற்கு முன் அக்காவிடம் பேச வேண்டும் என்று தோன்றியது. மருத்துவமனைச் சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்தோம். இரண்டு டீயும் ஆடை படிந்து ஆறிப்போயின.

“நல்லா யோசிச்சுச் சொல்லுக்கா.”

“இதுல யோசிக்க என்னடா இருக்கு? போட்டேன், தொட்டேன், டிக் வந்துச்சு. பச்சையா. அப்புறம்தான் கை கழுவப் போனேன்.”

“மெஷின்ல அப்படி எதுவும் இல்லையே.”

“அப்ப மெஷின்தான் தப்பு.”

“அக்கா, அது நான் எழுதினது.”

நான் அதை உரத்துச் சொல்லவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் நான் கணக்குப் போட்டுக் காட்டும்போது விடையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பாள், அதே பார்வை.

“பத்தாம் பெட்டுக்கு எப்ப போட்ட?” என்று கேட்டேன்.

“அதுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி.”

“அதுக்கும் டிக் வந்துச்சுல்ல?”

“வந்துச்சு.”

“அந்த டிக்கைத்தான் நீ நினைச்சுக்கிட்டிருக்கியோ என்னவோ.”

அவள் டம்ளரைத் தள்ளிவைத்தாள். வலது கை ஆள்காட்டி விரலை மேசைமேல் வைத்து, இல்லாத ஒரு திரையைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு தரம், இரண்டு தரம். “அப்படியும் இருக்குமாடா?” என்று கேட்டாள்.

“இருக்கலாம்க்கா. மூணு நாளா உனக்குத் தூக்கம் வேற சரியா இல்ல.”

“ஆமா, தூக்கம் இல்லதான்” என்றாள். எனக்குச் சமாதானம் சொல்வது போல என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

என் அறிக்கையில் இரண்டே முடிவுகள். இயந்திரம் சரியாக இயங்கியது. பதிவு செய்யப்படவில்லை. அதைப் படித்துவிட்டு நிர்வாகி அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கூடப்பிறந்தவனே இப்படிச் சொல்லும்போது இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். என் நேர்மையைப் பற்றி அன்று நிறையப் பேசினார்கள். அக்காவும் எதிர்த்து எதுவும் சொல்லவில்லை. “எனக்கு ஞாபகம் சரியா இல்லைங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அவள் வாயிலிருந்து அந்த வாக்கியத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. செவிலி உரிமத்தைப் பறித்துக்கொண்டார்கள்.

ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்த வரி அப்போது பல லட்சம் இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பார்கள். எத்தனை மருத்துவமனைகள், எத்தனை வார்டுகள். ஒருவருக்கு நேர்ந்ததற்காக எத்தனை பேரை ஆபத்தில் விடுவது? இந்தக் காரணத்தை எனக்கு நானே நூறு முறை சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த மாதம் ஒரு பெரிய மாநாட்டில் அந்த நான்கு ஆள் யோசனையைப் பற்றி நான் பேசுவதாக இருந்தது. சட்டைகூடத் தைத்தாகிவிட்டது.

சரிசெய்யாமல் விட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பத்தே நாளில் அந்த வரியை எடுத்து, நான்கு பேரும் முடித்த பிறகே பதில் போகும்படி மாற்றினேன். மாற்றக் குறிப்பில் ‘சிறு ஒழுங்குபடுத்தல்’ என்று எழுதினேன். சரிபார்க்கச் சந்தேகத்திடம்தான் போனது. மறுபடியும் என் மேசைக்கு வந்தார். செய்தித்தாளில் அந்த மருத்துவமனை விஷயம் அவர் கண்ணிலும் பட்டிருக்கும். என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் முதல் முறையாக, “இதுல எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் என்னோடு சேர்ந்து சாப்பிட உட்காருவதில்லை.

அக்காவை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். மாடியில் காற்றோட்டமான அறை. “இந்தக் காலத்துல இப்படி ஒரு தம்பியா” என்று எதிர்வீட்டு அம்மா என் மனைவியிடம் மாய்ந்து போனாராம். ஓட்டுநரின் மனைவியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டால் அக்காவின் மனம் கொஞ்சம் லேசாகும் என்று நினைத்து நான்தான் அவளை அங்கே அழைத்துப் போனேன். வீட்டு வாசலில் அவருடைய செருப்பு அப்படியே கிடந்தது. அக்கா உள்ளே போனாள். நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். அந்த அம்மா திட்டவில்லை. “நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? மறந்துட்டீங்க, மனுசங்கதானே” என்றார். அக்கா அழுத அழுகை தெரு வரைக்கும் கேட்டது. கைப்பையின் வாரை நான் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தேன், உள்ளங்கையில் அதன் தடம் இரண்டு நாள் இருந்தது. உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்கு எட்டுத் தூரம்தான்.

இப்போது அக்கா எதையும் நம்புவதில்லை. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிறாள். சாப்பிட்ட மாத்திரையைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறாள், பிறகு அதை எப்போது எழுதினோம் என்று குழம்புகிறாள். போன வாரம் மாடிப்படியில் நின்றுகொண்டு, “நம்ம அம்மாவோட மூக்குத்தி எந்தப் பக்கம்டா?” என்று என்னைக் கேட்டாள். என்னை, ஞாபகசாலியை. இடது பக்கம் என்று சொன்னேன். அதை நம்பி ஏற்றுக்கொண்டு போனாள்.

விசாரணைக்காக நிறுத்திவைத்திருந்த அந்த அலமாரி இயந்திரத்தை மருத்துவமனை கழித்தபோது நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கீழ் அறையில் என் மேசைக்கு அடியில் இருக்கிறது. அதை நான் புதுப்பிக்கவில்லை. அந்த வரி இன்னும் உயிரோடு ஓடுவது அநேகமாக இதில் மட்டும்தான். இந்த வாக்குமூலத்தை இதில்தான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். இது ஐந்தாவது முறை. முதல் நான்கும் மறுநாள் திறந்து பார்த்தபோது இல்லை. காகிதத்தில் எழுதலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். தவறு நடந்த இடத்திலேயே ஒப்புக்கொள்வதுதான் முறை என்று எனக்குப் பட்டது.

மணி இரண்டாகப் போகிறது. வேலை நேரம் மாறுகிற இரண்டு மணி அக்காவின் உடம்பில் அப்படியே தங்கிவிட்டது. தினமும் அந்த நேரத்துக்கு வீடு முழுக்கச் சுற்றி ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டு வருவாள், இந்த இயந்திரத்தினுடையதையும் சேர்த்து. மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கிறது. இன்னும் இரண்டு வரியில் முடித்துச் சேமித்துவிடுவேன். திரையில் பச்சை டிக் வரும். “முடிச்சிட்டியாடா? எதுக்கும் இன்னொரு தடவை பாத்துக்கோ” என்பாள். “ஆச்சுக்கா, நீ அணைச்சிடு” என்பேன். அணைப்பாள். வாசற்படி வரை போய்விட்டுத் திரும்பி வந்து, “நான் அணைச்சேனாடா?” என்று கேட்பாள். அணைத்துவிட்டாய் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுவேன். சுவிட்சைத் தொடுவது ஒருபோதும் நான் இல்லை. ஐந்து முறையும் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், எதையாவது மறைத்தேன் என்று இனி யாரும் என்னைச் சொல்ல முடியாது.